‘இதைச் செய்ய மாட்டோம்’ என்று சேர்ந்து சொன்னால் நிற்குமா? ஐ.டி. வேலை, அறம், சங்கம்

பாளையங்கோட்டை வாசகர் | 5 ஜனவரி 2026

கூகுள் ஊழியர்கள் கையெழுத்துப் போட்டே ஒரு ராணுவ ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள் என்று அடிக்கடி சொல்கிறார்கள். அது கலிஃபோர்னியா. நம்ம திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இருப்பது பெரும்பாலும் 40 பேர், 60 பேர் வேலை பார்க்கிற கம்பெனிகள். கடன் ஆப்புக்குள் வாடிக்கையாளரின் காண்டாக்ட் லிஸ்டை எடுக்கச் சொன்னால், மெடிக்கல் கோடிங்கில் (அமெரிக்க நோயாளிகளின் சிகிச்சையைப் பில்லுக்கான எண்ணாக மாற்றும் வேலை) லெவலைக் கூட்டி, அதாவது நடந்ததைவிடப் பெரிய சிகிச்சையாகப் போடச் சொன்னால், ஊழியர்கள் சேர்ந்து தடுக்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி. மறுக்கிறவனுக்கு வேலை போகும், அடுத்து வருகிறவன் அதே கோடை எழுதுவான். முடியும் என்கிறவர்கள் வழியைச் சொல்லுங்கள்.

பேட்டை | 6 ஜனவரி

பாதி முடியும். எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால்தான் ‘எல்லாம் முடியும்’, ‘எதுவும் முடியாது’ என்று இரண்டு கூச்சலாகிவிடுகிறது.

கூகுள் விஷயத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். ஆளில்லா விமானம் எடுத்த படங்களை அலசும் ‘மேவன்’ திட்டத்தை எதிர்த்து 2018இல் சுமார் 4,000 பேர் கையெழுத்திட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வேலையையே விட்டார்கள். ஜூன் மாதம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிறுவனம் சொன்னது. ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தரமாட்டோம் என்று கொள்கை அறிக்கையும் வந்தது. 2025 பிப்ரவரியில் அந்த வாசகத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு ஊழியர் சம்மதம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அது நிறுவனம் தானே எழுதித் தானே வைத்துக்கொண்ட தாள்.

அதே 2018 நவம்பர் 1இல் கூகுளில் சுமார் 20,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். பாலியல் தொல்லைப் புகார்களை நிறுவனம் கையாண்ட விதம்தான் காரணம். நீதிமன்றம் போகவிடாமல் தனி நடுவரிடமே போகச் சொல்லும் கட்டாய விதியை நிறுவனம் முதலில் பாலியல் புகார்களுக்கும், 2019இல் ஊழியர்களின் எல்லா வழக்குகளுக்கும் கைவிட்டது. இரண்டு போராட்டத்துக்கும் வித்தியாசம் இதுதான்: ஒன்று நிறுவனம் யாருக்கு விற்கலாம் என்பதைப் பற்றியது, மற்றது வேலை ஒப்பந்தத்தின் ஒரு வரியைப் பற்றியது.

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவை எழுத்தாளர் இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கான வரிகளைக் கூட்டு ஒப்பந்தத்திலேயே ஏற்றினார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஸ்டுடியோ அதைத் தன்னிஷ்டத்துக்கு அழிக்க முடியாது. கையெழுத்து எத்தனை என்பதைவிட எந்தத் தாளில் எழுதப்பட்டது என்பது முக்கியம்.

தோற்ற பக்கமும் உண்டு. 2019இல் அமெரிக்க ராணுவத்துக்கு ஹோலோலென்ஸ் கண்ணாடி தரும் 48 கோடி டாலர் ஒப்பந்தத்தை எதிர்த்து மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் கடிதம் எழுதினார்கள், தலைமை ஏற்கவில்லை. அமேசானில் அதே ஆண்டு 8,700க்கு மேற்பட்டவர்கள் காலநிலைக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஊழியர்கள் வெளிநடப்புக்குக் குறித்த நாளுக்கு முந்தைய நாள் நிறுவனம் காலநிலை உறுதிமொழியை அறிவித்தது. அடுத்த ஏப்ரலில் முன்னின்ற இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியது. அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று அங்குள்ள தொழிலாளர் வாரியம் கண்டு, 2021இல் சமரசம் ஆனது. காப்பாற்ற ஒரு சட்டமும் வாரியமும் இருந்ததால் அவ்வளவாவது நடந்தது.

பேட்டை | 7 ஜனவரி

நம்ம ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1926இன் தொழிற்சங்கச் சட்டம், 1947இன் தொழில் தகராறுச் சட்டம் இரண்டும் அதற்குள் போய்விட்டன. பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் மாறாத ஒன்று: ‘தொழில் தகராறு’ என்றால் வேலை கொடுப்பது, நீக்குவது, வேலை நிபந்தனை, பணிச்சூழல் இவற்றோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். ‘இந்த க்ளையண்டுக்கு விற்காதே’ என்று தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் போய் நின்றால், இது என் எல்லையில் வராது என்று அவர் சொல்வார்.

ஆகவே கோரிக்கையின் உருவத்தை மாற்ற வேண்டும். ‘கடன் ஆப்பில் காண்டாக்ட் எடுக்கக் கூடாது’ என்பது வணிக முடிவு. ‘சட்டம் தடுத்த வேலையைச் செய்ய மறுக்கும் ஊழியரின் அப்ரைசலைக் குறைக்கக் கூடாது, வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது, ஊர் மாற்றக் கூடாது’ என்பது வேலை நிபந்தனை. உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான். இரண்டாவது மாதிரி எழுதினால் சங்கம் கையில் எடுக்க முடியும், அதிகாரி கூப்பிட்டுப் பேச முடியும்.

வள்ளியூர் | 7 ஜனவரி

அண்ணாச்சி, ஐ.டி.க்காரர்களுக்குச் சங்கமே கிடையாதே? இருந்தாலும் 7 பேர் கையெழுத்துப் போட்டால் பதிவாகிவிடும் என்கிறார்கள். அவ்வளவு சுலபமா?

பேட்டை | 8 ஜனவரி

சங்கம் வைக்க ஐ.டி.க்காரர்களுக்கும் உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. சென்னையில் எஃப்.ஐ.டி.இ., யுனைட், பெங்களூரில் கிட்டு என்று சங்கங்கள் நடக்கின்றன. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் ஐ.டி. வேலைநேரத்தை 14 மணி வரை நீட்டும் யோசனை வந்தபோது தெருவுக்கு வந்து எதிர்த்தது கிட்டுதான்.

7 என்பது விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டிய எண்ணிக்கை. அது போதாது. அந்த நிறுவனத்தில் அல்லது அந்தத் தொழிலில் இருக்கும் தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் விண்ணப்ப நாளில் உறுப்பினராக இருக்க வேண்டும். 400 பேர் நிறுவனத்துக்கு 40. 60 பேர் நிறுவனத்தில் 10 சதவீதம் 6 என்றாலும் 7க்குக் கீழே போக முடியாது.

சட்ட வாசகத்தில் ‘தொழில்’ என்ற சொல் இருப்பதை நம்ம பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டும். தனித்தனி 50 பேர் கம்பெனிக்குள் சங்கம் வைத்தால், யார் யார் என்று முதலாளிக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். கங்கைகொண்டான், தென்காசி, வண்ணார்பேட்டை என்று சிதறிக் கிடப்பவர்களைச் சேர்த்து 100 பேரில் தொழில்வாரியாக ஒரே சங்கம் பதிவு செய்வது நல்லது. அல்லது ஏற்கெனவே பதிவான மாநிலச் சங்கத்தில் கிளையாகச் சேரலாம், அதில் காலம் மிச்சம்.

யார் ‘தொழிலாளர்’ என்பதில் நிறையப் பேர் இடறுகிறார்கள். தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் தொழிலாளர்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வரமாட்டார். மேற்பார்வை வேலை செய்பவர் மாதம் 18,000க்கு மேல் வாங்கினால் வரமாட்டார். விசிட்டிங் கார்டில் ‘லீட்’ என்று போட்டிருப்பதால் ஒருவர் வெளியே போய்விடுவதில்லை. நாளில் பெரும்பகுதி கோடு எழுதுகிறாரா, அடுத்தவர் லீவைப் பாஸ் பண்ணுகிறாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். யார் பெயரில் டிக்கெட், யார் பெயரில் கமிட் (கோடு சேர்த்த பதிவு) என்பது அப்போது சாட்சியாகும்.

பாளையங்கோட்டை வாசகர் | 8 ஜனவரி

சரி. ‘வேற ஆள் எழுதுவான்’ என்பதற்குப் பதில் வரவில்லை.

பேட்டை | 10 ஜனவரி

வருகிறேன். கடன் ஆப்பையே எடுத்துக்கொள்வோம், இங்கே நிறையப் பேர் மொபைல் வேலையில் இருப்பதால்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2இல் வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறை, கடன் ஆப் போனிலுள்ள ஃபைல், மீடியா, காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக் எதையும் தொடக் கூடாது என்கிறது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளர் சேர்ப்புக்கும் கே.ஒய்.சி.க்கும் சம்மதத்தோடு ஒரு முறை எடுக்கலாம். 2025 மே மாத விதித் தொகுப்பிலும் இது தொடர்கிறது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் கடன் ஆப்புகளுக்குக் காண்டாக்ட், புகைப்பட அனுமதிகளைத் தடை செய்தது. ஆக இந்த ஒரு விஷயத்தில் மேனேஜர் சொல்வது தனிப்பட்ட மனசாட்சிக்கு எதிராக மட்டும் இல்லை, விதிக்கே எதிரானது. மறுப்பை இங்கே தொடங்குவது பலம்.

அடுத்தவன் எழுதுவான் என்றீர்கள். எழுதலாம். அவன் எழுதினால் பில்டு (கோடு ஆப்பாக உருவாகும் கட்டம்) நிற்கும்படி முன்னாலேயே செய்து வைக்கலாம். ஒருவர் மறுத்தால் அது பிடிவாதம் என்று பேர் வாங்கும். டீமே சேர்ந்து பில்டில் ஒரு சோதனையை வைத்தால் அது நடைமுறை.

செய்முறை: நாம் எழுதிய மேனிஃபெஸ்ட் ஃபைலை (ஆப் கேட்கும் அனுமதிகள் இருக்கும் ஃபைல்) மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். விளம்பரம், அனலிட்டிக்ஸ், வசூல் எஸ்.டி.கே. (வெளியார் எழுதித் தரும் கோடுத் தொகுப்பு) எல்லாம் தங்கள் அனுமதிகளைத் தாங்களே கொண்டுவரும், பில்டு நேரத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆகவே மெர்ஜ் ஆன மேனிஃபெஸ்டைப் பார்க்க வேண்டும், அல்லது முடிந்த ஏ.பி.கே. (ஆப்பின் நிறுவல் ஃபைல்) மீது, அனுமதிகளைப் பட்டியலிடும் ஏஏபிடி டம்ப் பெர்மிஷன்ஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். ரீட் காண்டாக்ட்ஸ், ரீட் கால் லாக், ரீட் எஸ்.எம்.எஸ். மூன்றில் எது வந்தாலும் பில்டு விழும்படி பைப்லைனில் (தானாக பில்டு செய்யும் வரிசையில்) ஒரு ஸ்கிரிப்ட். எஸ்.டி.கே. கொண்டுவருவதை மேனிஃபெஸ்டில் ரிமூவ் குறி போட்டு வெட்டலாம். பிறகு மேனிஃபெஸ்டும் அந்த ஸ்கிரிப்டும் இருக்கும் இடத்துக்குக் கோட் ஓனர் விதி (மாற்றத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி) போட்டு, இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் மாற்றம் மெர்ஜ் ஆகாதபடி கோடின் முதன்மைப் பிராஞ்சைப் பூட்ட வேண்டும்.

இதில் சறுக்கும் இடம் அட்மின் உரிமை. மேனேஜர் கையில் அட்மின் இருந்தால் பூட்டைத் தாண்டி மெர்ஜ் செய்வார். தாண்டட்டும். தாண்டியது ஆடிட் லாகில் அவர் பெயரோடு விழும். ஆப் எந்தத் தகவலை எடுக்கிறது என்று ஸ்டோரில் சொல்லும் டேட்டா சேஃப்டி படிவத்தை நிரப்புகிறவர் யாரோ அவர் பெயரும் பதிவில் இருக்கும். விதி மீறலைச் செய்ய முதலில் எல்லாருடைய மௌனம் போதுமாக இருந்தது. இப்போது ஒருவருடைய பெயர் தேவைப்படுகிறது. பெயர் போட யாரும் சுலபத்தில் முன்வரமாட்டார்கள்.

கடன் கொடுக்கும் வங்கியோ, என்.பி.எஃப்.சி. என்ற வங்கியல்லாத நிதி நிறுவனமோதான் ஆப் நடத்துபவரின் செயலுக்கும் பொறுப்பு. அவர்களுடைய குறைதீர் அதிகாரி விவரம் ஆப்பிலேயே காட்டப்பட வேண்டும். பதிவே இல்லாத கடன் நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் புகார் செய்யலாம்.

தென்காசி வாசகி | 11 ஜனவரி

மெடிக்கல் கோடிங் பக்கத்தை நான் எழுதுகிறேன். பேட்டை அண்ணாச்சி சொன்ன பூட்டு எங்கள் வேலையில் இல்லை, வேறொன்று இருக்கிறது.

லெவலைக் கூட்டச் சொல்வது ஒருபோதும் ‘பொய் போடு’ என்ற சொல்லில் வராது. ‘இந்த மாதம் 99214 சதவீதம் குறைவாக இருக்கிறது, க்ளையண்ட் கேட்கிறார்’ என்று வரும். 99213, 99214, 99215 எல்லாம் விசிட்டின் லெவலைக் குறிக்கும் பில் எண்கள், எண் கூடினால் லெவல் கூடும். 2021 முதல் வெளிநோயாளி விசிட்டின் லெவல், மருத்துவ முடிவெடுப்பின் சிக்கலை வைத்தோ மொத்த நேரத்தை வைத்தோ தீர்மானமாகிறது. பழைய நோயாளிக்கு 99213க்கு 20 நிமிடம், 99214க்கு 30, 99215க்கு 40. சார்ட்டில் (டாக்டர் எழுதிய நோயாளிக் குறிப்பில்) நேரமும் இல்லை, சிக்கலும் தெரியவில்லை என்றால் 99214 நிற்காது. இரண்டாவது தந்திரம், பில் எண்ணோடு சேர்க்கும் மோடிஃபையர் 25 என்ற குறி. அதே நாளில் ஒரு ப்ரொசீஜரும் அதற்கு அப்பால் தனியாகக் குறிப்பிடத்தக்க ஆலோசனையும் நடந்திருந்தால்தான் போட வேண்டும். ‘ப்ரொசீஜர் இருந்தால் 25 போட்டுவிடு’ என்று வாய்மொழி விதி போடும் டீம்களில் அது கண்மூடித்தனமாக விழுகிறது. மூன்றாவது, முந்தைய விசிட் நோட்டை அப்படியே ஒட்டிய சார்ட். நேற்றைய பரிசோதனை இன்றைக்கும் வரிக்கு வரி அதே மாதிரி இருக்கும்.

எங்கள் கையில் இருக்கும் பூட்டு, விளக்கம் கேட்டு டாக்டருக்கு அனுப்பும் க்வெரி. சந்தேகமான சார்ட்டை மறுக்கவும் வேண்டாம், ஏற்றிப் போடவும் வேண்டாம். ‘ஆவணம் 99213ஐத் தாங்குகிறது, 99214க்குத் தேவையான விவரம் இல்லை, விளக்கவும்’ என்று முறைப்படி க்வெரி போட்டு ஹோல்டில் வையுங்கள். ‘99214க்கு ஏற்ற மாதிரி எழுதித் தாருங்கள்’ என்று கேட்கக் கூடாது, அப்படி விடையைக் கையில் கொடுத்து நடத்தும் க்வெரியே விதிமீறல். ஒரே ஆள் செய்தால் அவருடைய ப்ரொடக்ஷன் விழும், மாதக் கடைசியில் அவரைத் தனியாகக் கூப்பிடுவார்கள். ஷிஃப்ட் முழுதும் ஒரே அளவுகோலில் க்வெரி போட்டால் டேட்டா வேறு மாதிரி இருக்கும்: எண்ணிக்கை க்ளையண்டின் கண்ணில் படும், கேள்வி அமெரிக்காவில் எழும். சேர்ந்து நிற்பது எங்கள் வேலையில் இந்த உருவத்தில்தான் நடக்கும். கோஷம் தேவையில்லை. எல்லாரும் ஒரே கோடிங் கைட்லைன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே முடிவுக்கு வந்தாலே போதும்.

அந்த க்ளையண்ட் பயப்படுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அமெரிக்க அரசுக் காப்பீட்டுக்குப் பொய் க்ளைம் போனால் ஃபால்ஸ் க்ளைம்ஸ் சட்டப்படி இழப்பின் மூன்று மடங்கும், ஒவ்வொரு க்ளைமுக்கும் தனி அபராதமும் விழும். தகவலோடு வழக்குப் போட்டவருக்கு மீட்ட தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு உண்டு. பில்லிங் நிறுவனங்களுக்கென்றே அங்குள்ள சுகாதாரத் துறை தணிக்கை அலுவலகம் 1998லேயே வழிகாட்டி வெளியிட்டது, புகார் ஹாட்லைன் வைக்கச் சொல்வது அதில் ஒரு பகுதி. நம்ம டீம் லீடுக்கு மேலே க்ளையண்டின் கம்ப்ளையன்ஸ் அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய மெயில் ஐ.டி. ட்ரெய்னிங் ஸ்லைடிலேயே இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

சி.பி.சி. என்ற மெடிக்கல் கோடர் சர்டிஃபிகேட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பிடி: அதைத் தரும் ஏ.ஏ.பி.சி. அமைப்பின் ஒழுக்க நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை எழுத்தில் சொல்லலாம். ‘இதைப் போட்டால் என் சான்றிதழ் போகும்’ என்பது மேனேஜருக்கும் புரிகிற காரணம். மென்பொருள்காரர்களுக்கு இது கிடையாது.

பேட்டை | 12 ஜனவரி

வாசகி கடைசியில் சொன்னது அடிப்படையான விஷயம். வக்கீலுக்கு 1961 சட்டம், ஆடிட்டருக்கு 1949 சட்டம். தப்புச் செய்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் அமைப்பு உண்டு. அந்தப் பயமே அவர்களுக்குக் கவசம், ‘கையெழுத்துப் போட்டால் என் லைசென்ஸ் போகும்’ என்று சொல்லி நழுவலாம். கணினித் துறையினரின் சர்வதேச அமைப்பான ஏ.சி.எம்.மின் 2018 ஒழுக்க நெறி நல்ல ஆவணம், ஆனால் அதை மீறினால் மென்பொருள்காரர் வேலை செய்ய முடியாது என்ற நிலை எங்கும் இல்லை. ஆகவே நாம் சட்டத்திலிருந்து கடன் வாங்க வேண்டும்: கடன் ஆப்புக்கு ரிசர்வ் வங்கி, ஷாப்பிங் தளத்துக்கு 2023 நவம்பரின் டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் வடிவமைப்பு) விதிகள். பொய் அவசரம் காட்டுவது, கூடைக்குள் கேட்காத பொருளைத் திணிப்பது, சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் சிக்கவைப்பது உட்பட 13 வகையை அது பெயர் சொல்லித் தடுக்கிறது. டிசைன் டிக்கெட்டில் அந்தப் பெயரையே எழுதுங்கள். ‘இது சரியில்லை’ என்று எழுதினால் அது கருத்து. ‘இது விதியில் சொன்ன கூடைத் திணிப்பு’ என்று எழுதினால் யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

பேட்டை | 12 ஜனவரி, இரவு

ஒரு எச்சரிக்கை, இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால் இப்போதே.

சாட்சி வேண்டும் என்று கம்பெனி ஃபைலைப் பென்டிரைவில் எடுக்காதீர்கள், சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றித் தரவை நகல் எடுப்பதைத் தொடுகிறது. நேர்மையற்ற நோக்கம் என்று சேர்த்துவிட்டால் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. நியாயமாகப் புகார் செய்தவரைத் திருடன் ஆக்க நிறுவனங்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. நோயாளி விவரம் என்றால் இன்னும் மோசம்.

என்ன செய்யலாம்: நிறுவனத்துக்குள்ளேயே, நிறுவன மெயிலிலேயே கேள்வி எழுப்புங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றைக்கே, ‘இன்று சொன்னபடி இதைச் செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டேன், இந்த விதிக்கு முரணாகத் தெரிகிறது, உறுதிப்படுத்துங்கள்’ என்று எழுதுங்கள். அந்த மெயில் அவர்கள் சர்வரிலேயே இருக்கட்டும், வழக்கு வந்தால் வரவழைக்கலாம். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், சொன்னவர் பதவி, டிக்கெட் எண் இவ்வளவு மட்டும். வாடிக்கையாளர் பெயர் ஒன்றுகூட வேண்டாம்.

தனியார் ஊழியருக்கு முழுமையான தகவலாளர் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இல்லை. 2014இல் நிறைவேறியது அரசுத் துறை ஊழலைப் பற்றியது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் கம்பெனிகள் சட்டம் 177ஆம் பிரிவு புகார் வழிமுறை ஒன்றை வைக்கச் சொல்கிறது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது, தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். நம்ம ஊர்க் கம்பெனி சிறியதாக இருக்கலாம். அதன் க்ளையண்ட் பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால், சப்ளையர் ஊழியருக்கும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று அவர்களின் கொள்கை ஆவணத்தில் பாருங்கள். வெப்சைட்டில் கிடைக்கும்.

வள்ளியூர் | 17 ஜனவரி

பொங்கல் முடிந்து இப்போதுதான் எல்லாம் படித்தேன். கூடங்குளம் பக்கம் இருப்பவன் என்பதால் ஒன்று: 2019இல் அணுமின் நிலைய நெட்வொர்க்கில் மால்வேர் விஷயம் இந்தத் தலைப்பில் வராதா?

பேட்டை | 18 ஜனவரி

நேராக வரும். 2019 அக்டோபர் 29இல் நிலையத்தின் பெயரில் மறுப்பு வந்தது. மறுநாள் அணுமின் கழகம், நிர்வாக நெட்வொர்க்கோடு இணைந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்தது உண்மை, அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருக்கிறது என்று சொன்னது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்ததோ செப்டம்பர் 4. ஏறக்குறைய இரண்டு மாதம் சுற்றுவட்டார ஊர்களுக்கு ஒன்றும் தெரியாது.

2022 ஏப்ரல் 28இல் வந்த செர்ட்-இன் உத்தரவு இப்போது எல்லா நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது: சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் சப்போர்ட் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய பலம். 6 மணி என்பது ‘கவனித்த’ நேரத்திலிருந்து ஓடுகிறது. கவனித்த நேரத்தை யார் எழுதுகிறார்? அலர்ட்டை முதலில் பார்த்த ஆள். ‘காலையில் மேனேஜர் வந்தபின் டிக்கெட் திற’ என்று சொல்லும் டீம்களில் ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்: அலர்ட் வந்த நிமிடத்திலேயே டிக்கெட், திறந்த நேரத்தை யாரும் திருத்துவதில்லை. டிக்கெட் மென்பொருளில் மாற்ற வரலாறு தானாக நிற்கும்.

பாளையங்கோட்டை வாசகர் | 19 ஜனவரி

இதெல்லாம் சட்டம் ஏற்கெனவே தடுத்த விஷயங்கள். சட்டம் தடுக்காத, ஆனால் தப்பு என்று தெரிகிற வேலைக்கு? க்ளையண்டைத் தேர்ந்தெடுப்பது கடைசிவரை நம்ம கையில் இல்லை என்றுதானே ஆகிறது? பேசாமல் ஸ்ட்ரைக் பண்ணினால் என்ன?

பேட்டை | 20 ஜனவரி

ஸ்ட்ரைக் முதலில். புதிய சட்டத்தில் எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்பு கொடுத்ததும் சமரச அதிகாரி கூட்டம் போடுவார், சமரசம் நடக்கும்போதும் அதற்கடுத்த 7 நாளும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தமாகவே எண்ணப்படும். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் அபராதம், ஒரு மாதம் வரை சிறை. அதனால் ஸ்ட்ரைக் அறிவிப்பை அதிகாரி முன்னால் நிறுவனத்தை உட்கார வைக்கும் கருவியாகப் பாருங்கள், ‘நாளைக்கே நிறுத்தம்’ என்பது நடக்காது.

இந்த மண்ணில் வேலைநிறுத்தம் வென்ற கணக்கும் இருக்கிறது. 1908 பிப்ரவரி கடைசியில், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த தூத்துக்குடியில், கோரல் மில் தொழிலாளர்கள் நிறுத்தியபோது வ.உ.சி. பின்னால் நின்றார், ஊர் சோறு போட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12இல் அவர் கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அங்கே ஊர் செய்த வேலையை இன்றைக்குச் சங்க நிதிதான் செய்ய வேண்டும். 90 நாள் நோட்டீஸ் பீரியட், வீட்டு லோன், தங்கை கல்யாணம் என்று இருக்கிறவரிடம் கொள்கை பேசுவதற்கு முன்னால், மூன்று மாதச் சம்பளத்தில் பாதியாவது கொடுக்க நிதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

க்ளையண்ட் விஷயம்: யாருக்கு விற்பது என்பது வேறு, வேலை ஒப்பந்தம் வேறு என்று 6ஆம் தேதி நான் பிரித்துப் போட்ட கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று தோன்றுகிறது. 2025 செப்டம்பரில் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்குச் சில கிளவுட் சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பாலஸ்தீனர்களின் தொலைபேசி உரையாடல்கள் அங்கே சேமிக்கப்படுவதாகப் பத்திரிகைச் செய்தி வந்த பிறகு, நிறுவனத்தின் சொந்த பயன்பாட்டு விதியையே காரணம் காட்டி நிறுத்தினார்கள். உள்ளிருந்து மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த ஊழியர்களில் சிலர் அதற்கு முந்தைய மாதமே வேலை இழந்திருந்தார்கள். ஆக, க்ளையண்டை ஊழியர் மட்டுமே மாற்றியதாகச் சொல்ல முடியாது. நிறுவனம் தானே எழுதிவைத்த விதி, வெளியே வந்த செய்தி, உள்ளே அடங்காத கேள்வி மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் நகர்கிறது. நம்ம 60 பேர் கம்பெனியில் அது அபூர்வம்.

ஆனால் க்ளையண்டை மாற்ற முடியாத இடத்திலும் ‘என்னை அந்த ப்ராஜெக்டில் போடாதே’ என்று கேட்கும் உரிமையைச் சங்க ஒப்பந்தத்தில் வாங்கலாம். அது வேலை நிபந்தனை. பத்துப் பேர் அந்த உரிமையைப் பயன்படுத்தினால், ஆள் கிடைக்காத ப்ராஜெக்டை எடுப்பதற்கு முன் விற்பனைப் பிரிவு யோசிக்கும்.

தென்காசி வாசகி | 21 ஜனவரி

முன்னிற்பவர்களை எப்படிக் காப்பது? அது தெரியாமல் யாரும் பெயர் தரமாட்டார்கள் அண்ணாச்சி.

பேட்டை | 22 ஜனவரி

சட்டத்தில் ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்’ என்று ஒரு வகை உண்டு. பதிவான சங்கத்தின் நிர்வாகிகளில், நிறுவனத் தொழிலாளர் எண்ணிக்கையில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகம் 100 பேர். வழக்கோ சமரசமோ நிலுவையில் இருக்கும்போது இவர்களை நீக்கவோ நிபந்தனையை மாற்றவோ அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பெயர்ப் பட்டியலை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து அங்கீகாரம் வாங்கி வைக்க வேண்டும். தகராறு வெடித்த பிறகு கொடுத்தால் ‘இது தப்பிக்கப் போட்ட பட்டியல்’ என்று வாதிடுவார்கள். அமைதியான மாதத்தில் கொடுங்கள்.

20 தொழிலாளர் இருந்தாலே குறைதீர் குழு அமைப்பது கட்டாயம். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் 10க்கு மிகக் கூடாது, பெண்கள் அவர்கள் விகிதத்துக்குக் குறையக் கூடாது. சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு, குழு 30 நாளில் முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் சங்கம் வழியாகச் சமரச அதிகாரியிடம் போகலாம். நம்ம பக்கம் பல இடங்களில் இந்தக் குழு தாளில்கூட இல்லை. முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும், அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

ரிலீவிங் லெட்டர் பயம் உண்மை. அதன் பலத்தைக் குறைக்கலாம்: சம்பளச் சீட்டையும், பி.எஃப். பாஸ்புக்கில் யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) சேவை வரலாற்றையும் மாதாமாதம் எடுத்து வையுங்கள், ஃபார்ம் 16ஐ ஆண்டுதோறும். உங்களுக்கு வந்த உங்கள் ஆவணம், இதில் 43ஆம் பிரிவு வராது.

பேட்டை | 24 ஜனவரி

இரண்டு பேர் தனி மடலில் வரைவு கேட்டார்கள். எல்லாருக்கும் உதவும் என்று இங்கேயே வைக்கிறேன். குறைதீர் குழுவுக்கோ, சங்கம் இருந்தால் கோரிக்கைப் பட்டியலிலோ:

‘நடப்பில் உள்ள சட்டம், ஒழுங்குமுறை அமைப்பின் விதி, அல்லது தொழில் சான்றளிக்கும் அமைப்பின் நெறி ஆகியவற்றுக்கு முரணாகத் தெரியும் பணியை, விதியின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் கேள்வி எழுப்பும் தொழிலாளர், எழுத்தில் பதில் வரும்வரை அந்தப் பணியை நிறுத்திவைக்கலாம். அந்தக் காலம் அவருடைய மதிப்பீடு, ஊதிய உயர்வு, பணி ஒதுக்கீடு, பணியிடம் எதையும் பாதிக்காது. பதிலில் நிறுவனத்தின் பொறுப்பான அதிகாரி பெயரும் பதவியும் இருக்க வேண்டும். ஆயுதம், கண்காணிப்பு ஆகிய பணிகளில் ஒதுக்கப்பட வேண்டாம் என்று கோரும் தொழிலாளருக்கு, இணையான வேறு பணி 30 நாளுக்குள் தரப்படும்.’

‘அறம்’, ‘மனசாட்சி’ என்ற சொற்களை இதில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அவற்றை நிறுவனத்தின் வக்கீல் தனக்கு ஏற்றபடி விளக்கிக்கொள்வார். 30 நாள் என்பதை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றலாம். ‘எழுத்தில் பதில்’, ‘அதிகாரி பெயர்’ இரண்டையும் பேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று திருநெல்வேலி தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தகவலுக்காக, ஒன்று சங்கத்தின் கையில், வாங்கியவர் கையெழுத்தோடும் தேதியோடும். நேரில் வாங்க மறுத்தால் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.